ராத்திரிப் படிப்பு

கேள்வி: பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் படிக்கிறேன். காலையில் பாதி மறந்துவிடுகிறதே, ஏன்?
– கல்லூரி மாணவி, லால்குடி

பதில்: உங்கள் ஊர்ப் பெயரையே முன்னால் வைத்துக்கொண்ட ஜெயராமன், அப்பா கோபால ஐயரிடம் வயலின் கற்று, 12 வயதிலேயே மேடையேறினார். கச்சேரிக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் வில்லைத் தொட்டிருந்தால், ரசிகர்கள் முதல் உருப்படியிலேயே கேன்டீனுக்குப் போயிருப்பார்கள். சங்கீதக்காரர்கள் தினமும் செய்யும் சாதகத்தை நாம் ஒரே ராத்திரியில் முடிக்கப் பார்க்கிறோம்!

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை உருப்போட்டுத் தன்னையே சோதித்து, 1885-இல் புத்தகமே போட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே கழன்றுவிடுகிறது. அதையே சில நாட்களுக்குப் பிரித்துப் படித்தால் தங்குகிறது.

திருச்சிக்கு ரயிலில்தானே போகிறீர்கள்? லால்குடியில் ஏறியதும் புத்தகத்தை மூடுங்கள். வாளாடி வருவதற்குள் நேற்றுப் படித்ததைப் பார்க்காமல் ஒரு தாளில் எழுதுங்கள். வராததை மட்டும் ஸ்ரீரங்கத்துக்குள் புரட்டிப் பாருங்கள். பக்கம் முழுக்க மஞ்சள் பேனாவால் கோடு இழுப்பது படிப்பில் சேராது, அது பெயின்ட் வேலை.

உட்கார இடமில்லையா? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து சீட் தானாகக் காலியாகும்.