வற் ஐயா

எங்கள் ஒழுங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வருகுதென்றால், வற் ஐயா புதிதாக ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிவிடுவார். கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, ஒவ்வொரு நிரலின் தலையிலும் ஒரு சின்னத்தை எழுதுவார். 2024 இல் சிலிண்டர், டெலிபோன், திசைகாட்டி, மொட்டு. வேட்புமனுக் கொடுத்தது 39 பேர். மிச்சப் பேருக்குக் கொப்பியில் அகலம் போதாதாம்.

இப்படியானவர்கள் மேடைப் பேச்சுக் கேட்கப் போகமாட்டார்கள். விஞ்ஞாபனத்தில் வரி என்ற சொல் எங்கே கிடக்கிறதோ அங்கே மட்டும் சிவப்புப் பேனையால் கீறுவார்கள். பிறகு மாலையில் படலையடியில் நின்று, போகிறவர் வருகிறவரை மறிப்பார்கள். நான் அகப்பட்டது செப்டெம்பர் மாதம், கையில் பாணோடு.

“தம்பி, மாசம் இரண்டு லட்சம் எடுக்கிற ஆள் ஒண்டை நினைச்சுக்கொள்ளும். இப்ப ஒரு லட்சத்துக்கு மேல வரி. முதல் துண்டுக்கு 6 வீதம், அடுத்ததுக்கு 12, பிறகு 18. கூட்டினால் மாசம் 10,500. திசைகாட்டி இரண்டு லட்சம் மட்டும் வரியில்லை எண்டுது. டெலிபோன் வீதத்தைக் குறைக்கிறன் எண்டுது. சிலிண்டர் ஐ.எம்.எஃப். கையை விடமாட்டன் எண்டு நிக்குது.”

“உங்களுக்கு எவ்வளவு ஐயா வெட்டுறாங்கள்?”

கண்ணாடியைக் கழற்றிச் சாரத்து நுனியில் துடைத்தார். அரசாங்கப் பென்சனுக்கு வருமான வரியே இல்லை. அவர் கொப்பியில் மாதாமாதம் வரி கட்டிக்கொண்டிருப்பவர் அடுத்த வீட்டு வங்கிப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் சம்பளச் சீட்டை அவர் கண்டதும் இல்லை. இரண்டு லட்சம் என்பது அவராகக் கொடுத்த பதவி உயர்வு.

ஐயா உண்மையில் கட்டுகிற வரி கடைத் துண்டில் போகிறது. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் என்கிற பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 18 வீதமானது. அதுவரை தப்பியிருந்த பெற்றோல், சமையல் எரிவாயு, கைத்தொலைபேசி எல்லாவற்றையும் அன்றைக்கே பிடித்துக்கொண்டது. அந்தக் கணக்கு குசினிப் பக்கம். அதற்கு அமைச்சர் வேறு ஆள், ஐயாவின் மனைவி.

“இஞ்சாருங்கோ, காஸுக்கு வற் போட்டவர் சிலிண்டரிலயே கேக்கிறார்?”

“ஓம்.”

“டெலிபோனுக்கும் வற்தானே?”

“ஓமப்பா.”

“அப்ப சங்குக்கு?”

ஐயா நிரல்களைப் பார்த்தார். தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்குக்கு அவர் கோடே கீறவில்லை. “அது வேற கணக்கு” என்றார்.

அந்த அம்மாவிடம் ஒரு பழைய கொப்பியும் பத்திரமாக இருக்கிறது. அதில் 2019 இல் மொட்டு நிரலுக்குக் கீழே பெரிய சரி ஒன்று. வற்றை 15 இலிருந்து 8 ஆக்குவேன் என்று கோட்டாபய சொன்னார். டிசம்பரில் ஆக்கியும் விட்டார். வீட்டுக்கு மாதம் எவ்வளவு மிச்சம் என்று ஐயா சதக் கணக்கு வரை எழுதியிருக்கிறார். அதே கொப்பியின் பின்மட்டையில் வேறு பேனையால் ஒரு இலக்கம்: 2022 இல் காஸ் வரிசையில் அவருக்குக் கிடைத்த நம்பர். அந்தச் சரிதான் நாட்டைக் கவிழ்த்தது என்று நான் சொல்ல வரவில்லை. கொரோனாவுக்கும் கடனுக்கும் நல்ல பங்குண்டு. ஆனால் அம்மாவுக்கு அந்த நியாயமெல்லாம் தேவையில்லை. முன்மட்டையையும் பின்மட்டையையும் மாறி மாறிக் காட்டுவார். ஐயா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவார்.

தேர்தல் முடிந்தது, திசைகாட்டி வென்றது. சொன்ன இரண்டு லட்சம் வரவில்லை. 2025 ஏப்ரலில் ஒன்றரை லட்சம் வந்தது. ஐயா அன்றைக்கே கொப்பியோடு வங்கிப் பிள்ளையின் வீட்டுக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

“பிள்ளை, இரண்டு லட்சத்துக்கு முந்தி 10,500. இனி 3,000. மாசம் 7,500 உமக்கு மிச்சம். நீர் திசைகாட்டிக்குத்தானே போட்டனீர்?”

“இல்லை மாமா. சங்குக்கு.”

ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கொப்பியை முழங்காலில் வைத்து, மொட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஓரத்தில் ஒரு கோடு கீறினார். அடிமட்டம் கொண்டுவரவில்லை, கோடு கொஞ்சம் கோணலாகத்தான் போனது.