கோச்சைத் தூக்கு, நாற்காலியைத் தொடாதே

இந்தியக் கால்பந்து அணி தோற்றால் பரிகாரம் ஒன்றுதான்: கோச்சைத் தூக்கு. 2024 ஜூன் 17-ல் இகோர் ஸ்டிமாச் போனார். 2025 ஜூலையில் மனோலோ மார்க்கேஸ் கழன்றுகொண்டார். ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார்.

ஸ்டிமாச் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. 2024 ஜனவரி ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் கவுகாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. போதாக்குறைக்கு, 2022-ல் வீரர் பட்டியலை ஜோதிடருக்கு அனுப்பி யாரை இறக்கலாம் என்று கேட்டதாகப் பத்திரிகையில் வந்தது. சரி, போகட்டும். அந்த ஜோதிடரை அவருக்கு அறிமுகப்படுத்தியது யார்? அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அப்போதைய பொதுச்செயலாளராம். 12 லட்சத்துக்குமேல் தட்சணை அளந்தது? அதே கூட்டமைப்பாம்! நவக்கிரகத்தையும் களத்தில் இறக்கிய பெருமக்கள், கோல் போட மட்டும் ஆள் வளர்க்கவில்லை.

மார்க்கேஸ் இன்னும் தமாஷ். காலையில் எஃப்.சி. கோவா, மாலையில் இந்தியா என்கிற கணக்கில் இரண்டு வேலை. பகுதிநேரக் கோச்சுக்கு எட்டு ஆட்டத்தில் ஒரு வெற்றி, அதுவும் மாலத்தீவோடு. கோல் போட ஆளில்லாமல், ஓய்வுபெற்றுப் போன சுனில் சேத்ரியை 40 வயதில் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வந்து கோலும் போட்டார், பாவம்.

அடுத்த கோச்சுக்கு 170 விண்ணப்பம். அதில் உலகப் புகழ்பெற்ற சாவி, பெப் குவார்டியோலா பெயர்கள்! சாவிக்குக் கொடுக்கக் காசில்லை என்று செய்தி பரவியது. பிறகு அந்த மின்னஞ்சல்கள் போலி என்று கூட்டமைப்பே சொன்னது. மின்னஞ்சலைச் சரிபார்க்கத் துப்பில்லாதவர்களா கோச்சின் துப்பை அளப்பது?

புதுக்கோட்டையில் எங்கள் அரிமளம் பக்கம் வந்து பாருங்கள். தைல மரக் காட்டுக்குள் வரப்பு வெட்டி மழைத் தண்ணியை அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். வரத்துவாரியில் தண்ணி இல்லை, கண்மாய் காய்கிறது. அதற்காக மடை திறக்கிறவரை வேலையை விட்டு நிறுத்தினால் ஊர் சிரிக்காதா? டெல்லியில் கூட்டமைப்புக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள், முகம் சுளிக்காமல். கிளப்புகளில் முன்கள இடமெல்லாம் வெளிநாட்டவருக்கு. 2025-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) ஒப்பந்தத் தகராறில் லீக்கே முடங்கியது, சென்னையின் எஃப்.சி. சம்பளத்தை நிறுத்தியது. சம்பளமும் ஆட்டமும் இல்லாத பையனை அழைத்து, காலித் ஜமீல் சிங்கப்பூரை ஜெயிக்கவேண்டுமாம். அக்டோபரில் 1-2. 2027 ஆசியக் கோப்பைக் கனவும் போச்சு.

கூட்டமைப்பின் தலைவர் கல்யாண் சௌபே மட்டும் அசையவில்லை. 2022 தலைவர் தேர்தலில் முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவை 33-1 என்று வாரிச் சுருட்டியவர். இந்தியக் கால்பந்தில் அண்மைக்காலத்தில் விழுந்த பெரிய ஸ்கோர் அதுதான்.

ஸ்டிமாச்சின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டியவர்களும் இந்தக் கூட்டமைப்புக்காரர்கள்தான். இடையில் துரத்திவிட்டு 4 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்ததும் அவர்கள்தான். பிள்ளைகளுக்குப் பந்தும் பூட்ஸும் வாங்க வேண்டிய காசு அது. நீட்டிக் கையெழுத்துப் போட்டவர்களின் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாயாவது போயிருக்குமா?