வயர் இல்லாத வம்பு

வயர் இல்லாத கீபோர்டாம்! நல்லாத்தான் இருக்கு தம்பி. அப்போ அதுக்குச் சார்ஜு எப்புடி ஏத்துவே? வாயால ஊதியா?

பதுளை டவுன்ல போன் கடைக் கண்ணாடிக்குள்ள நானும் பார்த்தேன். மூணா மடிக்கிறது ஒன்னு, கை அகலத்துல ஒன்னு, போனை நிறுத்தி வைக்கத் தாங்கி ஒன்னு. எல்லாத்தையும் பரப்ப மேசை வேணும். லயத்துக் காம்பராவுல கட்டில், அலுமாரி, அரிசி மூட்டை போக எங்கடா இடம் கெடக்கு? மடியில வச்சுத் தட்டினா போன் எங்க நிக்கும்? கடைக்காரன் இதெல்லாம் சொல்ல மாட்டான். வெலைய மட்டும் சொல்லுவான்.

இன்னொன்னு கேளு. புளூடூத்து ஒரு முப்பது அடி போகும். லயத்துல முப்பது அடின்னா என்ன? ரெண்டு மூணு காம்பரா. நீ வாங்கி, மொத நாளு ஒங்க அக்கா போன்ல கீபோர்டை ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன்னு வையி. அது அந்தப் போனை லேசுல மறக்காது. மறுநாளு நீ சுவிட்சைப் போட்டதும், அக்கா அந்தாண்ட காம்பராவுல இருந்தாலும் அங்கதான் போயி ஒட்டிக்கிரும். நீ இங்க ஒக்காந்து மேப்பிரிவுப் புள்ளைக்குச் 'சாப்டியா'ன்னு தட்டுறே. ஒன் போன்ல ஒன்னும் விழ மாட்டேங்குது. அங்க அக்கா போன்ல எழுத்து எழுத்தா விழுது. அப்புறம் ராத்திரி ஒனக்கு ரொட்டி கெடைக்குமா?

சரி, ஒன் போன்லயே விழுந்துருச்சுன்னு வையி. தமிழ் எங்கடா? கட்டை பூராவும் இங்கிலீசு. சங்கதி என்னன்னா, அந்தப் பலகை எழுத்தை அனுப்புறதேயில்ல. எந்தக் கட்டைய அமுக்கினேன்னு ஒரு நம்பரைத்தான் அனுப்பும். அதை 'அ'ன்னு ஆக்குறது போனோட வேலை. போனுக்குத் தமிழ் வரிசை தெரியணும். அதுலயும் ரெண்டு கட்சி. ஒன்னு தமிழ் 99. 1999ல சென்னை மாநாட்டுல முடிவானது, இடப்பக்கம் உயிரெழுத்து, வலப்பக்கம் மெய். இன்னொன்னு ரெங்கநாதன், நம்ம நாட்டு அரசாங்கக் கணக்கு. கடையிலேயே மாட்டி 'அம்மா'ன்னு அடிச்சுப் பார்க்காம காசைக் குடுத்தியா? அப்போ ஒனக்குப் பட்டாத்தான் புத்தி.

தமிழைக் கட்டைக்குள்ள அடக்குறது லேசுப்பட்ட வேலையா? யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில 1886ல பொறந்த முத்தையான்னு ஒரு மனுசன். மலாயாப் பக்கம் போயி, 247 எழுத்தையும் டைப்ரைட்டருக்குள்ள அடக்கினாரு. நகராத கட்டைன்னு வச்சாரு. சுழியை அடிச்சா வண்டி நகராது, அடுத்து அடிக்கிற எழுத்து அதோட வந்து சேர்ந்துக்கும். என்னா மூளை! அந்த மனுசன் தலையப் பிச்சுக்கிட்டது தமிழுக்காக. நீ பிச்சுக்கிறது எதுக்கு? காலையில 'குட் மோர்னிங்' ரோசாப்பூ அனுப்பவா? அதுக்கு ஒரு வெரலு போதுமே. 2017ல இருந்து வாயால சொன்னாலே போனு தமிழ்ல எழுதிக்குது. ஒனக்குத்தான் வாய்க்குக் கொறைச்சலே இல்லையே.

ஆலிஎலைப் பக்கம் ஒரு தோட்டத்துல பொறந்தவரு எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பு. வேலை பார்த்த தோட்டத்தையே பேருக்கு முன்னால போட்டுக்கிட்டாரு. அவரோட 'காலங்கள் சாவதில்லை' நாவலு 1974ல வந்துச்சு. அன்னிக்கு இந்தப் பலகை எந்தக் கடையில வித்துச்சு? கத்தி வாங்கினவனெல்லாம் கவ்வாத்து வெட்டுறானா தம்பி?

கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடிக் கெடந்த 2021ல, லுணுகலைப் பக்கம் போஹிடியாவப் புள்ளைங்க காட்டு வழியா நடந்து, பாறை மேல ஏறித்தான் பாடத்தை எறக்குச்சுங்க. அதுங்க கேட்டது கீபோர்டா? ஒரு கோடு சிக்னலு.

வேணவே வேணாம்னு நான் சொல்லல. நம்ம பதுளையிலதான் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005ல இருந்து நடக்குது. லேப்டாப்பு வாங்க வழியில்லாம, இருபது பக்கக் கட்டுரையப் பெருவெரலால போன்ல குத்துற புள்ள இருந்தா, அதுக்கு இது வரப்பிரசாதம். லேப்டாப்பு வெலையில ஒரு மூலைக்குக் கூடக் காணாது. அப்புடிப்பட்ட புள்ளைக்கு நானே கைக்காசு போடுவேன்.

ஒனக்கும் வாங்கியே தீரணுமா? அப்போ ஒரு வேலை தாரேன். கடைசிக் காம்பராவுல தகரம் ஒழுகுது, மனு எழுதணும். கொமியூனிகேசன் கடையில பக்கத்துக்கு இவ்வளவுன்னு காசு கேக்குறான். எந்த மழைக்கு எங்க ஒழுகுச்சு, எந்தச் சட்டிய எங்க வச்சோம், எல்லாம் நான் சொல்றேன், நீ அடி. ம், ஆரம்பி. 'மதிப்புக்குரிய தொரை அவர்களுக்கு'...

என்னடா முழிக்கிற? 'ம' எந்தக் கட்டைன்னு தேடுறியா?