வசூல் அண்ணாச்சி

தென்மாவட்டத்தில் எந்தச் சிறு நகரத்துக்குப் போனாலும் ஒரு வசூல் அண்ணாச்சி இருப்பார். கையில் ரசீதுப் புத்தகம், கக்கத்தில் ரெக்ஸின் பை, நாலடி பின்னால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். தலைமையாசிரியர் வாயே திறப்பதில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. கடைவீதியில் பாதிப் பேர் அவரிடம் பிரம்படி பட்டவர்கள். அவர் தலை தெரிந்ததும் கல்லாவில் இருப்பவர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிடுவார். எழுந்து நிற்கிறவனுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது என்பது அண்ணாச்சிக்குத் தெரியும்.

கும்பாபிஷேகம், அன்னதானம், நூலக ஆண்டு விழா என்று எதற்கும் அவர் அலைவார். இந்தத் தடவை இலவசக் கண் சிகிச்சை முகாம். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இந்த முகாம் பழக்கத்தை நம் ஊர்களில் நன்றாக வேரூன்ற வைத்துவிட்டது. டாக்டர்கள் வந்து பார்ப்பார்கள். கண்புரை இருந்தால் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், ஆபரேஷன் செய்து, லென்ஸ் வைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். நோட்டீஸ், ஆட்டோ மைக், பந்தல், சாப்பாடு மட்டும் ஊர்க்காரர் பொறுப்பு. அந்த 'மட்டும்' என்பதற்காகத்தான் அண்ணாச்சியின் செருப்பு தேய்கிறது.

வசூலுக்கு நேரம் பார்ப்பது கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதைவிடச் சிரமம். போணி ஆகாத கடைக்குள் காலை வைத்தால் காசு வராது, வசவு வரும். விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து பணம் வெளியே போகாது. வெள்ளிக்கிழமை லட்சுமி வாசலைத் தாண்டமாட்டாள். செவ்வாய்க்கிழமையும் அவளுக்கு அதே பிடிவாதம். திங்களன்று ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். அது முடிந்து போனால் வாரத்தின் முதல் நாள் காசு கொடுக்க முதலாளிக்கு மனசு வராது. சனி, ஞாயிறைப் பற்றிப் பேச வேண்டாம். மாதச் சம்பளக்காரர்களுக்கோ பத்தாம் தேதிக்கு மேல் தருமசிந்தனை வற்றிவிடும். இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது மாதத்தின் முதல் வாரத்தில் புதன், வியாழன், காலை பத்தரை முதல் பன்னிரண்டு. அதற்குள் அண்ணாச்சி மூன்று தெருவை முடித்துவிடுவார்.

ரசீதுப் புத்தகத்தில் முதல் பக்கம்தான் மூலதனம். அதில் மில் முதலாளி பெயரில் 5,001 எழுதியிருக்கும். அவர் கொடுத்துவிட்டாரா, கொடுப்பதாகச் சொன்னாரா என்று கேட்பது நாகரிகம் அல்ல. உங்களிடம் நீட்டும்போது புத்தகம் தற்செயலாக அந்தப் பக்கத்தில்தான் திறந்திருக்கும். அடுத்த பக்கத்தில் உங்கள் எதிர்க்கடைக்காரர்.

"யாவாரம் எப்படிப் போகுது?" என்று விசாரிப்பார். நல்லா இருக்கு என்றால் கதை முடிந்தது. சுத்த மந்தம் என்று மூக்கைச் சிந்தினாலும் தப்ப முடியாது.

"அப்போ கண்டிப்பா எழுதுங்க. நாலு கிழவிக்குக் கண்ணு தெரிஞ்சு வாழ்த்தினா யாவாரம் பிச்சுக்கிட்டுப் போகும். எதிர்க்கடையில ஆயிரத்தொண்ணு போட்டிருக்காக. நீங்க பார்த்து எழுதுங்க."

அந்தப் 'பார்த்து'க்குத்தான் ஆயிரம் ரூபாய். மீதி ஒரு ரூபாய்தான் கண்புரைக்கு.

வீட்டுக்கு வந்தாலும் இதே நிதானம்தான். "சார் இல்லியாக்கா? பரவாயில்ல, நாளைக்கு வாரேன்." கட்டிலில் படுத்தபடி சார் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். மறுநாள் வந்து தண்ணீர் குடிப்பார், அடுத்த நாள் காபி. காபி கொடுத்துவிட்டு நன்கொடை கொடுக்காமல் இருப்பது நம் பண்பாட்டில் இல்லை. சில்லறை இல்லை என்று காலங்காலமாக நம்மைக் காப்பாற்றிய சாக்கையும் யூபிஐ வந்து கெடுத்துவிட்டது. இப்போது அண்ணாச்சியின் ரசீதுப் புத்தக அட்டையிலேயே க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறது.

வெட்கமாக இல்லையா என்று ஒருத்தர் கேட்டாராம். "காந்தியே கை நீட்டினவருதானே" என்றாராம் அண்ணாச்சி. தப்பில்லை. 1934-இல் ஹரிஜன நிதிக்காகத் தமிழ்நாட்டைச் சுற்றிய காந்தி, கூட்டத்தில் பெண்களிடம் வளையலைக் கேட்டு வாங்கினார். தனக்கு வாசித்தளித்த வரவேற்புப் பத்திரத்தைக்கூட ஏலம் விட்டார்.

உண்மையில் சிரிக்க வேண்டியது கொடுக்கிற நம்மைப் பார்த்துத்தான். இருநூற்றொன்று கொடுத்தவர் நோட்டீஸில் தன் பெயருக்கு முன்னால் 'தொழிலதிபர்' வரவில்லை என்று சண்டைக்கு வருவார். ஐந்நூற்றொன்று கொடுத்தவருக்கு மேடையில் நாற்காலியும் ஒரு பொன்னாடையும் வேண்டும். கடைசியில் நோட்டீஸ் அச்சாகி வரும்போது நன்கொடையாளர் பெயர்கள் கொட்டை எழுத்தில் நிற்கும். முகாம் தேதி மட்டும் எறும்பு மாதிரி ஒரு மூலையில் கிடக்கும். படிக்க வேண்டியவர்களோ கண்புரைக்காரர்கள். அதனால்தான் ஆட்டோ மைக்குக்கும் தனியாக ஒரு வசூல்.

முகாம் முடிந்ததும் அண்ணாச்சி வரவு செலவை நூலக வாசலில் ஒட்டுவார். பந்தல், மைக், சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உட்பட எல்லாம் இருக்கும். செலவு எப்போதும் வரவைவிட ஒரு இரண்டாயிரமாவது கூடியிருக்கும். அந்தப் பள்ளத்தை யார் அடைத்தது என்று அண்ணாச்சியிடம் கேட்காதீர்கள். அவர் மனைவியிடம் கேட்டால் விவரமாகச் சொல்வார்.

ஆகவே, அவர் உங்கள் வாசலுக்கு வந்தால் முதல் தடவையே கொடுத்து அனுப்பிவிடுங்கள், காபித்தூளாவது மிஞ்சும். 80ஜி வரிச்சலுகை கிடைக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள். அண்ணாச்சியின் குழுவுக்கு அந்தப் பதிவு இல்லை. இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது, புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு எப்படியும் கிடையாது. ஐந்நூற்றொன்று போதும். ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.