எல்லாம் கண்ட்ரோல்ல இருக்கு

ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா என்று நம்மவர்கள் குடியிருக்கும் எந்தத் தாமானுக்குப் போனாலும் அவரைப் பார்க்கலாம். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். விடியுமுன் காக்கி அரைக்கால் சட்டையும் கையில் டார்ச் லைட்டுமாகக் கிளம்பிவிடுவார். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லாத தெருவில், வீட்டுக்கு வீடு நின்று, உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு நகர்வார். தோட்டத்தைத் துண்டாடி விற்று எத்தனையோ வருஷமாயிற்று. அங்கே ஆட்களை மேய்த்த மண்டோர் மட்டும் இன்னும் பெரட்டு எடுத்து ஆள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"எல்லாம் நம்ம கண்ட்ரோல்ல இருக்கு தம்பி." வணக்கம், நலமா எல்லாவற்றுக்கும் இதுதான். மகன் சிங்கப்பூர் வேலைக்குப் போய் மூன்று தீபாவளியாக வரவில்லையே என்றால், "விட்டுப் பிடிக்கிறேன்" என்பார். தாத்தா தூங்கட்டும் என்று காத்திருந்து பேரன் ராத்திரி இரண்டு மணி வரை கைப்பேசியில் விளையாடுவது வேறு கதை.

இந்தக் கண்ட்ரோல் ஒரே நாளில் வந்ததல்ல. 1896-ல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரானது அங்கேதான் முதலில்; அடுத்து புக்கிட் அசஹான். மரம் வளர்ந்தது, பால் வெட்ட நம்மவர்கள் வந்தார்கள். ஆள் கட்டிக்கொண்டு வந்த கங்காணிக்கு, அன்றன்று வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் தலைக்காசு உண்டு. காய்ச்சல்காரன் போர்வையையும் உருவியெழுப்பும் அக்கறை அவருக்கு வந்தது அதனால்தான். 1938-ல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதைத் தடுத்தது. கங்காணிகள் மெல்ல மறைந்தார்கள். அவர்களுடைய அதட்டல் மட்டும் மண்டோர்களுக்குப் பரம்பரைச் சொத்தாக வந்தது.

நம் மண்டோர் நிரைக்குள் நுழைந்தால் முதலில் பட்டையைத்தான் பார்ப்பார். உளி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டிருந்தால், பெற்ற பிள்ளைக்கு அடிபட்டதுபோல் துடிப்பார். வெட்டினவன் காலில் அட்டை கடித்து ரத்தம் ஒழுகினால், "வேலைன்னா அப்படித்தான்" என்பார். அப்படிப்பட்ட சிங்கம், துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் செருகிக்கொள்ளும். துரை கிராணியை அதட்டுவார், கிராணி மண்டோரை, மண்டோர் வெட்டுக்காரனை, வெட்டுக்காரன் பெண்டாட்டியை, அவள் ஆட்டை. ஆடு யாரையும் அதட்டியதாகத் தகவல் இல்லை.

தாமானுக்கு வந்தபிறகுதான் சிக்கல். மேலே துரை இல்லாமல் கீழே எப்படி அதட்டுவது? மண்டோர் தேடிப் பிடித்தது மஜ்லிஸ், அதாவது நகராண்மைக் கழகம். கால்வாய் ஓரம் வாழை வைத்தவரிடம் "மஜ்லிஸ் உத்தரவு" என்றார். ராத்திரி கராவோக்கே பாடியவர்களிடமும் அதையே சொன்னார். மஜ்லிஸ் கடிதத்தைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. ஆனாலும் வாழை போனது. கராவோக்கே மட்டும் பக்கத்துத் தெருவுக்கு மாறி, அங்கிருந்து இன்னும் தெளிவாகக் கேட்டது.

போன வருஷம் அவரை மாரியம்மன் கோயில் தலைவராக்கிவிட்டார்கள். போட்டியே இல்லை, வேறு யாரும் கையைத் தூக்கவில்லை. முதல் கூட்டத்தில் திருவிழாக் கணக்கு, கூழ் அண்டா, பந்தல் என்று ஏழெட்டுக் கேள்விகள். மண்டோர் பழக்கதோஷத்தில், "மேல கேட்டுச் சொல்றேன்" என்றார்.

"மேல யாரு மண்டோரே? நீங்கதானே தலைவரு?" என்றான் ஒரு பொடியன்.

மண்டோர் வாழ்நாளில் முதல் தடவையாகப் பேச்சில்லாமல் உட்கார்ந்தார். தலைக்கு மேலே காற்றாடி மட்டும்தான் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தபோது முகத்தில் பழைய களை. தொப்பி கக்கத்தில்.

"நேத்து ராத்திரி ஆத்தா கனவுல வந்தா. வரிசையில நிக்காதவனுக்குக் கூழ் கிடையாதுன்னு உத்தரவு. சந்தா கட்டாதவன் பந்தலுக்குள்ள வரப்படாதாம். எல்லாத்தையும் கண்ட்ரோல்ல வச்சிருக்கச் சொன்னா."

பொடியன் விடவில்லை. "ஆத்தா இவ்வளவும் தமிழ்லயா சொன்னா?"

மண்டோர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உத்தரவு தம்பி இது. இங்கிலீசுலதான் சொன்னா."