சிலை வூட்டுக்காரர்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, வல்லத்துப் பக்கம், நெல்லும் மணிலாவும் விளைகிற ஊரில் இவர் வீட்டுக்குக் கதவு எண் தேவையில்லை. "சிலை வூடு" என்றால் ஆடு மேய்க்கிற பையனும் கை காட்டுவான். இப்படி ஒருவர் இப்போது வட்டாரத்துக்கு வட்டாரம் முளைத்துவிட்டார். முதலில் பித்தளை அண்டா வாங்குவார், அப்புறம் ஓடாத சுவர்க் கடிகாரம், அப்புறம் பாடாத கிராமபோன். முற்றிப்போனால் சிலை.

நம்மவர் முற்றியவர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளை ஏறி இறங்கிப் பிடித்த வெள்ளை மார்பிள் வீனஸ், நாலடி உயரம். சின்ன யானையில் வைக்கோல் மெத்தை போட்டுக் கொண்டுவந்தார். இறக்க ஆறு பேர். மார்பிள் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,700 கிலோ என்பதை அன்றைக்கு அந்த ஆறு பேரின் இடுப்பு தெரிந்துகொண்டது.

விலை என்ன என்று கேட்காதீர்கள். மனைவிக்குச் சொல்லும்போது ஒரு சைபர் குறையும், சம்பந்திக்குச் சொல்லும்போது ஒரு சைபர் கூடும். பூர்வீகமும் அப்படித்தான். திங்கட்கிழமை வந்தவருக்குச் செட்டிநாட்டு மாளிகை, வியாழக்கிழமை வந்தவருக்குப் புதுச்சேரி வெள்ளைக்காரத் துரை பங்களா. வயது மட்டும் இருநூறில் உறுதியாக நின்றது, ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர் காபி குடிக்க வரும் வரை. நூறு வருஷம் தாண்டிய கற்சிற்பம் வைத்திருந்தால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னார். "செஞ்சிட்டீங்களா?" என்றும் கேட்டார். காபி ஆறுவதற்குள் வீனஸுக்குத் தொண்ணூற்றைந்து வயதாகிவிட்டது. வாத்தியார் தெருமுனை திரும்பியதும் மறுபடி இருநூறு.

மூலச் சிலையின் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் தாண்டும். 1820இல் கிரேக்க நாட்டு மிலோஸ் தீவில் ஒரு குடியானவர் நிலத்தைத் தோண்டும்போது கிடைத்தது, இப்போது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. "நம்மள மாதிரி ஒரு வெவசாயிதான் சார்!" என்று இங்கே நெஞ்சைத் தொட்டுக்கொள்வார். அந்தச் சிலைக்குக் கை இரண்டும் கிடையாது. ஆகவே இதற்கும் கிடையாது. அங்கேதான் ஆயா குறுக்கே வந்தாள்.

"பின்னமான செலைய வூட்ல வெக்கலாமாடா?"

"ஆயா, இது ஒடைஞ்சது இல்ல. ஒடைஞ்ச மாதிரி செஞ்சது."

"ஒடைஞ்ச மாதிரி செய்யறதுக்கா காசு குடுத்த?"

இத்தாலியில் கராரா மலைக் கல்லை வைத்து இதே தொழிலாகப் பட்டறைகள் இருந்தன. மாதிரிச் சிலையில் புள்ளிகள் குறித்து, ஒரு கம்பிச் சட்டத்தால் ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் அளந்து, கல்லில் துளையிட்டு இறங்குவார்கள். இல்லாத கையின் உடைந்த விளிம்பைக்கூட அளந்துதான் செதுக்க வேண்டும். நகல் என்று மூக்கைச் சுளிக்க எனக்கு மனம் வரவில்லை. ரோமாபுரிப் பணக்காரர்களும் கிரேக்கச் சிலைகளுக்கு நகல் செய்து தோட்டத்தில் நிறுத்தியவர்கள்தான். வட்டெறியும் வீரனின் வெண்கல மூலம் தொலைந்தே போனது. அவன் எப்படி நின்றான் என்று நமக்குக் காட்டுவது ரோமானிய நகல்களே. ஆனால் நம்மவர் மாதம் இருமுறை விழுப்புரம் போகிற வழியில்தான் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டு வைத்த குகை. கூப்பிட்டுப் பார்த்தேன். "அது எங்க போவப் போவுது" என்றார்.

ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கு மட்டும் போய்வந்திருக்கிறார். முதலாம் சாலார் ஜங் 1876இல் ரோமில் வாங்கிய 'முக்காடிட்ட ரெபெக்கா' அங்கே நிற்கிறாள். முகம் தெரிகிற மெல்லிய முக்காட்டையும் கல்லிலேயே செதுக்கியிருப்பார் பென்சோனி. நம் வீனஸுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லை. அதனால் வந்த முதல் நாளே வீட்டம்மா ஒரு ஈரிழைத் துண்டைப் போர்த்தினார். பொங்கலுக்குச் சுங்குடிச் சேலை. படம் எடுக்க யாராவது வந்தால் இவர் உருவுவார், அவர்கள் போனதும் அந்த அம்மா கட்டுவார்.

இவருக்கு ஒரு ரகசியக் கவலையும் இருந்தது. சுண்டிப் பார்த்த மருமகன், "மாமா, இது மார்பிள் தூளப் பிசின்ல கலந்து வார்த்ததா இருக்கப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து தூக்கமில்லை. ஆயாதான் தீர்த்து வைத்தாள். ஒரு அமாவாசை இரவு திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் அறுத்து, குங்குமம் தடவி, வீனஸின் காலடியில் இரண்டு பக்கமும் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். மார்பிள் என்பது சுண்ணாம்பின் உறவுக்காரன்; புளிப்பு பட்டால் அரிக்கும். விடியற்காலை பீடத்தில் பளபளப்புப் போய், காலணா அளவில் இரண்டு வட்டம், சிவப்பாக. வீடே நடுங்கியது. இவர் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். எழுந்தபோது கண்ணில் தண்ணீர். "அசல் கல்லு ஆயா, அசல் கல்லு!" இப்போதெல்லாம் விருந்தாளிக்கு முகத்தைக் காட்டுவதற்கு முன் அந்த இரண்டு வட்டத்தைத்தான் காட்டுகிறார்.

அடுத்து ஃபிளாரன்ஸ் டேவிட்டின் நகல் ஒன்று தேடுகிறாராம். மூலம் 5.17 மீட்டர்; ஆறடியில் கிடைத்தால் போதும், போர்ட்டிகோவில் நிறுத்தலாம். கைப்பேசியில் படத்தைக் காட்டினார். லண்டனில் டேவிட்டின் வார்ப்பு ஒன்றுக்கு, ராஜவம்சத்துப் பெண்கள் பார்க்க வரும் நாட்களில் மாட்டிவிடவென்று சுண்ணச்சாந்தில் ஓர் அத்தி இலையே செய்து வைத்திருந்தார்கள் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். வீட்டம்மா படத்தை ஒருமுறை, மேலிருந்து கீழாக, நிதானமாகப் பார்த்தார்.

"எலையெல்லாம் நிக்காது. எட்டு மொழ வேட்டிக்கும் சேத்துச் சொல்லி வெச்சிருங்க."