பாட்டிக்கு வயது எத்தனை சதுர அடி?

பக்ரீதுக்கு முந்தைய வாரம் மும்பையில் செம்பூரைத் தாண்டி தேவ்னார் ஆட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். வாங்க வந்தவர் எடுத்த எடுப்பில் விலை கேட்க மாட்டார். ஆட்டின் கீழுதட்டை இறக்கிப் பல்லைப் பார்ப்பார். முன்வரிசையில் பால்பல் இரண்டு விழுந்து, பெரிய பல் இரண்டு முளைத்திருந்தால் 'தோ தாந்த்'. ஒரு வயது கடந்துவிட்டது, குர்பானிக்கு ஆகும். அரை நிமிட வேலை. ஆட்டிடம் யாரும் ரேஷன் கார்டு கேட்பதில்லை.

மீனுக்குக் காதுக்குள் ஒரு சின்னக் கல் இருக்கிறது. அதை அறுத்து வளையங்களை எண்ணினால் வயது தெரியும். ஆர்க்டிக், வட அட்லாண்டிக் கடல்களில் வாழும் கிரீன்லாந்து சுறாவுக்குக் கண்வில்லையைச் சோதித்தார்கள். 2016-இல் ஒரு சுறாவுக்கு 392 வயது என்று கணக்கிட்ட விஞ்ஞானிகள், 120 ஆண்டு முன்னே பின்னே இருக்கலாம் என்று பெருந்தன்மையோடு சேர்த்துச் சொன்னார்கள்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத நம் தாத்தாக்களுக்கும் வழி இருந்தது. தலைக்கு மேலே கையை வளைத்து எதிர்ப்பக்கக் காதைத் தொட்டால் பள்ளிக்கூடத்தில் இடம். கை எட்டவில்லையா, அடுத்த வருஷம் வா. வாத்தியார் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். அன்றைக்கு அவன் பிறந்தான்.

ஆடு, சுறா, தாத்தா எல்லோருக்கும் கணக்குச் சரியாகிவிட்டது. மும்பைக் குடிசைப் பகுதியான தாராவியில் இருப்பவனுக்குத்தான் இன்னும் ஆகவில்லை.

எண்பது வயதுப் பாட்டி ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். மாமனார் தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்தவர். சேற்றில் மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கி, அதன்மேல் தகரம் போட்டு, பிள்ளை பெற்று, பேரனும் எடுத்தாள். அவளுக்கு என்ன வயது? தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டித் தரப்போகும் அரசாங்கத்தைக் கேட்டால், கிடைக்கும் வீட்டின் சதுர அடியில் சொல்வார்கள்.

2000 ஜனவரி 1-க்கு முன்பே அவள் தரைத்தளத்தில் குடியிருந்ததற்குத் தாள் இருந்தால் வயது 350 சதுர அடி, தாராவிக்குள்ளேயே, இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரைக்கும் என்றால் 300 சதுர அடி. அது தாராவிக்கு வெளியே, கூடவே இரண்டரை லட்ச ரூபாய். அதற்கும் பிந்தி வந்தவர்கள், 2022 நவம்பர் 15 வரை, வெளியே எங்காவது வாடகைக்கு இருந்து தவணை கட்ட வேண்டியவர்கள். சுறாவுக்கு 120 ஆண்டு விட்டுக்கொடுத்த மனிதகுலம், பாட்டிக்கு ஒரு நாளும் விட்டுக்கொடுக்காது. 1999 டிசம்பர் 31 ராத்திரி வந்தவள் குடிமகள், மறுநாள் பொழுது விடிந்தபின் வந்தவள் ஆக்கிரமிப்பாளர்.

பாட்டியின் மகன் ஏணியில் ஏறிப் போகும் மேல்தளத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே தலை நரைத்தவன். அவனுக்கு இலவச வீடு கிடையாது, ஏனென்றால் மாடி கணக்கில் வராது. உயரத்தில் கடிகாரம் இம்மியளவு வேகமாக ஓடும் என்றார் ஐன்ஸ்டீன். தாராவியில் ஏழாவது படியில் காலம் அடியோடு நின்றுவிடும். ஐம்பது வயது ஆள் இன்னும் பிறக்கவே இல்லை.

யார் தகுதி உள்ளவர் என்று பார்க்க, 2024 மார்ச்சில் தாராவியின் கமலா ராமன் நகரில் சர்வே தொடங்கியது. நடத்தியது அதானி குழுமத்துக்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20 சதவீதம் பங்குள்ள நிறுவனம். சுவரில் எண் போட்டார்கள், லேசர் கருவியால் சந்துகளை அளந்தார்கள். சந்தின் அகலம் துல்லியமாகத் தெரிந்துவிட்டது. அந்தச் சந்தில் எத்தனை வருஷமாகக் கிடக்கிறாய் என்பதற்கு மட்டும் லேசர் உதவாது, லைட் பில் வேண்டும்.

லைட் பில்லுக்கு எங்கே போவது? 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது, தாராவியை ஒட்டிய மித்தி ஆறு புரண்டது. கழுத்தளவுத் தண்ணீரில் பிள்ளையைத் தூக்குவதா, டிரங்குப் பெட்டியைத் தூக்குவதா? பிள்ளையைத் தூக்கியவர்களின் வயது அன்றைக்கே கரைந்துபோனது.

கெடு தேதியும் கல்வெட்டு அல்ல. முதலில் 1995 என்றார்கள், பிறகு 2000, பிறகு காசு கொடுத்தால் 2011. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். ஆனால் பதினெட்டு நிறைந்துவிட்டதா என்று பார்த்து விரலில் மை வைக்கும்போது எந்த மாடி என்று ஒருவரும் கேட்டதில்லை.

கூப்பிடு தூரத்தில் மாட்டுங்கா. அங்கே எண்பதானால் சதாபிஷேகம், கலச நீர், காலில் விழும் பேரன்மார். கட்டடத்துக்கும் மரியாதை உண்டு. 1940 செப்டம்பருக்கு முன்பு கட்டியது 'ஏ' வகை. பழுதுபார்க்கத் தனி வாரியமே இருக்கிறது. அங்கே பழசானால் பாரம்பரியம், இங்கே பழசானால் ஆதாரம் எங்கே என்று கேள்வி.

தகுதி உள்ளவருக்கு மராத்தியில் 'பாத்ர்', இல்லாதவருக்கு 'அபாத்ர்'. 'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்று கேட்டு வளர்ந்த நமக்கு அகராதி தேவையில்லை. ஆனால் இங்கே பிச்சை கேட்டு நிற்பது யார்? பாந்த்ரா-குர்லா வளாகத்தின் கண்ணாடி மாளிகைகளுக்குப் பக்கத்தில், பாட்டி மேடாக்கிய நிலத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டு நிற்பது பாட்டியா?

அபாத்ர் ஆனவர்களுக்கு வீடு கட்ட மாநில அரசு 2024-இல் ஒதுக்கிய இடங்களில் ஒன்று தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கர். 1927-இலிருந்து பம்பாய் கொட்டிய குப்பை அங்கே மலையாக நிற்கிறது. அந்தக் குப்பைக்கு எல்லா அரசாங்கமும் வயதை ஒப்புக்கொள்கிறது, 1927 என்று கோப்பிலேயே எழுதியிருக்கிறது. போட்டோ பாஸ் என்ற குடிசைவாசி அடையாள அட்டை இல்லாத குப்பை பாத்ர். அதன்மேல் குடியேறப் போகும் மனுஷர்கள் அபாத்ர்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள் ஊரில். இங்கே தானம் கொடுப்பதாகச் சொல்கிறவர் வாங்குகிறவளின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். சரி, பார்க்கட்டும். லேசரைக் கீழே வைத்துவிட்டு, தேவ்னார் ஆட்டு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வரட்டும். அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். பாட்டி வாயைத் திறக்கத் தயார். அவளுக்கு மிச்சமிருப்பது நாலு பல்தான். ஆனால் ஆடு மாதிரி அவள் வாயைத் திறந்துவிட்டு சும்மா நிற்க மாட்டாள்.